தென்கரைச் சுண்ணாம்புக் குன்றுகளில் குடும்பத்தோடு ஒரு நடை: கேள்வி பதில்

இங்கிலாந்தின் தென்பகுதியில், வின்செஸ்டர் நகரிலிருந்து ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் குடும்பத்தோடு நடப்பது குறித்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். முதலில் என் பிள்ளைகளுடனும், அவர்கள் வளர்ந்து என்னைக் கழற்றிவிட்ட பிறகு தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களுடனும், பதினெட்டு ஆண்டுகளாக இந்தக் குன்றுகளில் நடந்து வருகிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கிராய்டனிலிருந்து ஒரு தாய்): எங்களுக்கு 4 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மலை என்றாலே ஏற்றத்தை நினைத்துத் தயக்கமாக இருக்கிறது. எங்கே தொடங்கலாம் ஐயா?

பதில்: ஏறி முடித்த இடத்திலிருந்து தொடங்குங்கள் அம்மா. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்தக் குன்றுகளின் அமைப்பை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். முன்புறம் சட்டென்று முடிந்து, பின்புறம் தாழ்வாரம் வரை நீண்டு இறங்கும் பழைய ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்குப் பக்கம் செங்குத்து. தெற்குப் பக்கம் கடலை நோக்கி மெதுவாகச் சரியும் நீண்ட சாய்வு. நடுவில் கூரையின் முகட்டைப் போல ஒரு முதுகு. வடக்கு அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் காரை நிறுத்திவிட்டு நேரே மேலே ஏறத் தொடங்கும் குடும்பங்கள்தாம் கால் மணி நேரத்தில் அழுகையும் சமாதானமுமாக நின்றுவிடுகின்றன. முதுகின்மேல் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு பெரும்பாலும் மேடு பள்ளம் குறைந்த புல்வெளிதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது டிட்ச்லிங் பீக்கன். 248 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியிலேயே கார் நிறுத்துமிடம் இருக்கிறது. பிரைட்டனிலிருந்து 79ஆம் எண் பேருந்து வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் மேலேயே கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து மேற்கு நோக்கி முதுகின்மேலேயே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்தால் ஜாக், ஜில் என்று பெயர் பெற்ற இரண்டு காற்றாலைகள் வரும். வழியில் ஆடுகள் நீர் குடிக்கும் வட்டமான குட்டைகள் உண்டு. வெள்ளை நிற ஜில் 1821இல் பிரைட்டனில் கட்டப்பட்ட மர ஆலை. 1852இல் அதைக் காளைகள் பூட்டி இந்தக் குன்றின்மேல் இழுத்து வந்தார்கள். ஓர் ஆலையை மாடுகள் எப்படி இழுத்திருக்கும் என்று 7 வயதுக் குழந்தையிடம் கேட்டுவிடுங்கள், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பேச்சே போதும். வந்த வழியே திரும்பும் நடை என்பதால் பாதியில் சோர்ந்தாலும் நட்டமில்லை. எந்த இடத்தில் திரும்பினாலும் ஒருபுறம் கடலும் மறுபுறம் வயல்வெளியும் தெரியும்.

‘டவுன்’ என்ற பெயரைப் பார்த்து இறக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். குன்று என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் எச்சம் அது.

கேள்வி (ஹாரோவிலிருந்து): கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய பாதை ஏதேனும் இருக்கிறதா? செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளையும் பார்க்க ஆசை.

பதில்: இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்ன் செல்லும் 12ஆம் எண் பேருந்தில் மேல்தளத்தில் வலப்பக்கம் அமருங்கள், வழியெல்லாம் கடல் தெரியும். எக்ஸீட் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் செவன் சிஸ்டர்ஸ் பூங்காவின் வாயில். பார்வையாளர் மையமும் கழிப்பறையும் அங்கேயே உள்ளன. கடற்கரையில் எதுவும் இல்லை என்பதால் அவற்றை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடந்தால் குக்மியர் ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்குச் சமதளமான கெட்டிப் பாதை. ஆற்றின் பழைய தடம் பாம்பைப் போல வளைந்து வளைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே தள்ளுவண்டியோடு போகலாம். கடைசிச் சில நூறு மீட்டர் கூழாங்கல். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அஞ்சலட்டைகளில் வரும் புகழ்பெற்ற காட்சி, அதாவது முன்னால் பழைய கடற்காவல் குடிசைகளும் பின்னால் ஏழு வெள்ளைப் பாறைகளும் தெரியும் காட்சி, ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து எடுக்கப்படுவது. நாங்கள் முதன்முதல் போனபோது கிழக்குக் கரை வழியே கடற்கரைக்கு வந்துவிட்டோம். குடிசைகள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன, நடுவில் ஓடுவது சிற்றாறுதான், ஆனால் முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. என் மகள் “அங்கே போகலாம்” என்று ஆரம்பித்ததும், முழங்காலளவு நீராகத்தான் இருக்கும் என்று எண்ணி நான் செருப்பைக் கழற்றியது உண்மை. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் தலையை மட்டும் அசைத்தார். கடலின் ஏற்றவற்றத்தோடு சேர்ந்து அந்த ஆறு வேகமாக ஓடுகிறது. அதில் இறங்கவே கூடாது. எக்ஸீட் பாலத்துக்குத் திரும்பி மறுகரை வழியாக வர நான்கைந்து கிலோமீட்டர் சுற்று. ஆகவே பேருந்தை விட்டு இறங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்: தள்ளுவண்டி இருந்தால் கிழக்குக் கரை, படம் எடுக்க வேண்டுமானால் பாலத்தைக் கடந்து மேற்குக் கரை.

கேள்வி (ஸ்லவ் நகரிலிருந்து): 10, 12 வயதுப் பிள்ளைகளோடு ஏழு பாறைகளையும் முழுமையாக நடந்து கடக்க முடியுமா?

பதில்: முடியும். எக்ஸீட்டிலிருந்து பேர்லிங் கேப் வரை 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூரம் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சகோதரியும் ஒரு மேடு, இருவருக்கும் இடையில் ஒரு பள்ளம். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும்போது நான்காவதில் பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள். எண்ணிக்கை எட்டு வருகிறதே என்று சண்டையும் வரும். நடுவில் சிறிய மேடொன்று கணக்கில் சேராமல் நிற்பதே அதற்குக் காரணம். தென்மேற்குக் காற்று அதிகம் வீசும் கரை என்பதால் மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது எக்ஸீட்டில் தொடங்கி பேர்லிங் கேப்பில் முடியும்படி நடந்தால் காற்று முதுகில் தள்ளும். முடிவில் தேநீர்க் கடையும் கழிப்பறையும் இருக்கின்றன. பேர்லிங் கேப்பிலிருந்து திரும்பும் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே எல்லா வண்டிகளும் வருவதில்லை.

கேள்வி (பலர் கேட்டது): பாறை விளிம்பு ஆபத்தானது என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு ஆபத்து?

பதில்: இந்த நடைகளில் நான் அஞ்சுவது இது ஒன்றுக்குத்தான். பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரம். பிரிட்டனின் மிக உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. வேலி பெரும்பாலும் இல்லை. மேலே நிற்பவருக்குத் தெரியாத செய்தி, தான் நிற்கும் புல்தரைக்குக் கீழே பாறை இருக்கிறதா என்பது. பல இடங்களில் விளிம்பு கூரைத் தாழ்வாரத்தைப் போல வெறும் காற்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அலை அடியை அரிக்க, மழைநீர் மேலே விரிசலில் இறங்க, ஒரு நாள் பேருந்தளவு பாறை எந்த முன்னறிவிப்புமின்றிச் சரிந்து விழும். பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் விளிம்புக்கு மிக நெருங்கிவிட்டதால், 1999இல் அந்தக் கட்டடத்தையே அப்படியே நகர்த்தி 17 மீட்டர் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எத்தனை முறை அதட்டினாலும் விளங்காதது அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் விளங்கிவிடும்.

எங்கள் குழுவில் விதி இது: விளிம்பிலிருந்து பெரியவர்கள் பத்து எட்டு தள்ளி நடப்பார்கள், பத்து வயதுக்குக் குறைந்தவர்களின் கை பெரியவர் கையில் இருக்கும், அதுவும் விளிம்புக்கு எதிர்ப்பக்கத்தில். படம் எடுக்கப் பின்னோக்கி நடக்கக் கூடாது. கீழே கடற்கரையிலும் பாறையின் அடிவாரத்தில் விரிப்பை விரித்து உட்கார வேண்டாம், காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று தோன்றும் இடம்தான் கல் விழும் இடம். குக்மியர் முகத்துவாரத்திலிருந்து பேர்லிங் கேப் வரை கடற்கரை வழியாகவே நடந்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம்: நீர் ஏறினால் நடுவில் மேலே ஏற வழியே இல்லை. விளிம்பிலோ கடற்கரையிலோ யாரேனும் சிக்கிக்கொண்டால் 999 அழைத்துக் கடற்காவல் படையைக் கேளுங்கள். நீங்களே இறங்கிக் காப்பாற்ற முயல வேண்டாம்.

கேள்வி (வாட்ஃபோர்டிலிருந்து): ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். 68 வயது, முழங்கால் வலி, சேலைதான் உடுத்துவார். அவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

பதில்: விட்டுவிட்டுப் போக வேண்டிய தேவையே இல்லை. முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. எனவே மேலேயே சென்று மேலேயே திரும்பும் இடம் வேண்டும். பிரைட்டனிலிருந்து 77ஆம் எண் பேருந்து டெவில்ஸ் டைக் உச்சிக்குச் செல்கிறது. குளிர்காலத்தில் வார இறுதிகளில் மட்டுமே ஓடுவதால் கால அட்டவணையைப் பார்த்துப் புறப்படுங்கள். உணவகத்தை ஒட்டிய புல்வெளியில் நூறடி நடந்தாலே வடக்கே முழுச் சமவெளியும் விரிந்து கிடக்கும். அம்மா அங்கே உட்கார்ந்து, விளிம்பிலிருந்து காற்றில் மிதந்தெழும் பாராகிளைடர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் பிள்ளைகளோடு பள்ளத்தாக்குக்குள் இறங்கி வரலாம். சேலைக்கு மேலே நீளமான காற்றுச் சட்டை ஒன்றும், காதை மூடும் குல்லாயும் கட்டாயம். ஜூலை மாதத்திலும் அங்கே காற்று முந்தானையை விட்டுவைக்காது. காலுக்குச் சாதாரண விளையாட்டுக் காலணி போதும். செருப்பு மட்டும் வேண்டாம்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி மேலும் இரண்டு வரி. ஏறக்குறைய 100 மீட்டர் ஆழமுள்ள, அடியில் ஓடையே இல்லாத வறண்ட பள்ளத்தாக்கு அது. கடலை உள்ளே விட்டு அடிவாரத்துத் தேவாலயங்களை மூழ்கடிக்கச் சாத்தான் இரவோடிரவாக வெட்டிய வாய்க்கால் என்றும், ஒரு கிழவி மெழுகுவர்த்தி ஏற்றிச் சேவலைக் கூவ வைத்ததால் விடிந்துவிட்டது என்று ஓடிப்போனான் என்றும் ஊர்க்கதை. நம் பாட்டிகள் சொல்லும் பேய்க் கதைகளுக்கு இது சொந்தக்காரக் கதை என்று மாமியாரே சொல்லிவிடுவார்.

கேள்வி (மில்டன் கீன்ஸிலிருந்து, 9 வயது மகளின் சார்பாக): மலை ஏன் வெள்ளையாக இருக்கிறது? மலை என்றால் ஓடையும் அருவியும் இருக்க வேண்டாமா?

பதில்: நல்ல கேள்வி கேட்ட குழந்தைக்கு என் வாழ்த்து. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை, டைனோசர்கள் நிலத்தில் திரிந்த காலத்தில், இந்த இடம் வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அந்தக் கடலில் மிதந்த, கண்ணுக்கே தெரியாத பாசி உயிர்கள் தம்மைச் சுற்றி மிக நுண்ணிய சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்திக்கொண்டிருந்தன. அவை இறந்ததும் தகடுகள் மெல்ல மெல்ல அடியில் படிந்தன; ஆயிரம் ஆண்டில் சில சென்டிமீட்டர் சேர்ந்தாலே பெரிது. அப்படிச் சேர்ந்த சேறு இறுகியதுதான் இந்த வெள்ளைப் பாறை. பின்னர் ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய அதே அழுத்தம் இங்கும் வந்து தரையை மெதுவாக மேலே தூக்கியது. பாதையில் கிடக்கும் ஒரு துண்டை எடுத்து வேலிக்கம்பத்தில் கிறுக்கிப் பாருங்கள், எழுதும். இன்று பள்ளிகளில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்வது, இதுவோ அசல்.

இந்தப் பாறை கடற்பஞ்சைப் போன்றது. பெய்யும் மழையை அப்படியே உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும். அதனால் குன்றின்மேல் ஓடை கிடையாது. ஆட்டுக்காரர்கள் களிமண் பூசி நீர் ஒழுகாத குட்டைகளை வெட்டிவைத்ததும் அதனாலேயே. உள்ளே இறங்கிய நீர், சுண்ணாம்பு முடிந்து களிமண் தொடங்கும் அடிவாரத்தில் ஊற்றாகப் பீறிட்டு வரும். வடக்கு அடிவாரத்தில் வரிசையாகக் கிராமங்கள் அமைந்த காரணம் அந்த ஊற்றுகள்தாம்; ஃபுல்கிங் என்ற சிற்றூரில் தெருவோரமாகவே அதைப் பார்க்கலாம். வீட்டுக்குப் போனதும் உங்கள் கெட்டிலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கை மகளுக்குக் காட்டுங்கள். தென்கிழக்கு இங்கிலாந்தின் குடிநீர் பெரும்பாலும் இத்தகைய சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது. அந்தப் பழைய கடலின் ஒரு துளிதான் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி (ரெடிங்கிலிருந்து): எந்த மாதம் நல்லது? மழைக்கு மறுநாள் போகலாமா?

பதில்: மே, ஜூன், செப்டம்பர். மழை விட்டதும் முதுகுப் பாதையின் புல்தரை விரைவில் காய்ந்துவிடும், அது ஒரு வசதி. ஆனால் புல் தேய்ந்து வெள்ளைப் பாறை வெளியே தெரியும் இடங்களில், குறிப்பாகச் சரிவில், ஈரச் சுண்ணாம்பு ஆட்டுக்கல்லில் வழிந்த மாவைப் போல வழுக்கும். பெரியவர்கள் விழுவதெல்லாம் அங்கேதான். பாதையின் நடுவை விட்டு ஓரப் புல்லில் கால் வைத்து இறங்குங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை அடிவாரக் களிமண் கணுக்காலைப் பிடித்து இழுக்கும். அப்போதும் முதுகின்மேல் மட்டும் நடப்பதே நலம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதை மதிய உணவு நேரத்திலேயே நினைவில் கொள்க.

காலணியில் ஒட்டிய வெள்ளைச் சேற்றை ஈரத்தோடு தேய்க்காதீர்கள். உலரவிட்டால் திருநீறு போல உதிர்ந்துவிடும்.

கேள்வி (ஈஸ்ட் ஹாமிலிருந்து): இணையத்தில் “இரண்டு மணி நேர நடை” என்று போட்டிருந்தது. எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆயிற்று. தவறு எங்களுடையதா?

பதில்: இல்லை. நடைவழிகாட்டிகள் பலவும் 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கைப் பின்பற்றுகின்றன: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது கால் ஓயாமல் நடக்கும் பெரியவருக்கு உரிய கணக்கு. ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கணக்கு பொய்க்காது. குழந்தை நிற்கும் இடமெல்லாம் ஒரு வண்டோ கல்லோ இருக்கும். அதைப் பார்க்கத்தானே வந்தோம்?

கேள்வி (லெஸ்டரிலிருந்து): இவை யாருடைய நிலங்கள்? யாராவது துரத்தினால் என்ன செய்வது? வழி தவறாமல் இருக்க எந்த வரைபடம் வாங்கலாம்?

பதில்: நிலம் பெரும்பாலும் பண்ணையாருடையதோ அறக்கட்டளையுடையதோதான். ஆனால் பொதுவழி என்று பதிவான பாதையில் நடக்கும் உரிமை சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. அது கோதுமை வயலின் நடுவே சென்றாலும் அதில் நடக்கலாம். கம்பங்களில் உள்ள அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் நடப்பவருக்கு மட்டும்; நீலம் என்றால் குதிரையும் மிதிவண்டியும் வரும், பிள்ளைகளை ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். ஏகோர்ன் எனப்படும் ஓக் மரக் கொட்டை வரைந்த பலகை நெடும்பாதையின் அடையாளம். இவை தவிர, 2000ஆம் ஆண்டுச் சட்டம் பல திறந்த புல்வெளிகளில் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை தந்திருக்கிறது. கதவுகளைத் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்வது நம் கடமை.

வரைபடத்துக்கு, பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுள்ள எக்ஸ்ப்ளோரர் தாள்கள். பிரைட்டன் பக்கத்துக்கு ஓஎல் 11, ஈஸ்ட்போர்ன் பக்கத்துக்கு ஓஎல் 25. அவற்றில் பொதுவழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். கைப்பேசியில் பார்ப்பதும் சரிதான், ஆனால் குளிர்காற்றில் மின்கலம் வேகமாக இறங்கும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு இந்த நடை சலிப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்த தந்தைக்கும் இதுவே விடை: தாளை அவன் கையில் கொடுத்து, முன்னால் நடக்க விடுங்கள். தவறான பக்கம் திரும்பினால் கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் பின்தொடருங்கள். அதுதான் கடினமான பகுதி.

கேள்வி (சவுத்ஹாலிலிருந்து): மாடுகள், பாம்பு, உண்ணி, இவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: மாடு நமக்குப் புதிதல்ல என்று எண்ணி அருகே போய்த் தடவாதீர்கள். தெருவோரம் நிற்கும் நம் ஊர்ப் பசுவைப் போல இங்குள்ள மேய்ச்சல் மாடு மனிதருக்குப் பழகியதல்ல. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நடக்கக் கூடாது. வயலின் ஓரமாகச் சுற்றிப் போகலாம். நாய் உங்களுடன் இருந்து மாடு துரத்தினால் நாயின் வாரை விட்டுவிடுங்கள், அது தப்பித்துக்கொள்ளும்.

பிரிட்டனில் நஞ்சுள்ள பாம்பு ஆடர் என்ற விரியன் ஒன்றுதான். வெயில் காயப் படுத்திருக்கும், அதிர்வு கேட்டால் விலகிவிடும். கடித்தால் கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது உண்ணி. உயரமான புல்லிலும் புதரிலும் இருக்கும். லைம் நோயைப் பரப்பக்கூடியது. வீடு திரும்பியதும் குளிப்பாட்டும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, தலைமயிரின் ஓரம் எல்லாம் பாருங்கள். எள்ளளவே இருக்கும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற கைவைத்தியம் இதற்கு ஆகாது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்த செய்தியைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (மிட்சமிலிருந்து): சாப்பாடும் தண்ணீரும்?

பதில்: புளியோதரை. கெடாது, சிந்தினாலும் திரட்டிவிடலாம், காற்றில் பறக்காது. கோடையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஓடை இல்லாத காரணத்தை முன்பே சொன்னேன். நெருப்பு மூட்டவோ ஒருமுறை பயன்படுத்தும் பார்பிக்யூத் தட்டை வைக்கவோ வேண்டாம், ஆகஸ்டில் இந்தப் புல் வைக்கோல்.

கேள்வி (கிராலியிலிருந்து): முதல் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்களுக்கு அந்தக் குன்றில் நினைவிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: அவசியம் போங்கள். பெயர் சத்ரி. 1914 முதல் 1916 தொடக்கம் வரை, பிரான்ஸ் போர்முனையில் காயமடைந்த இந்தியப் படைவீரர்களுக்குப் பிரைட்டனில் மருத்துவமனைகள் இயங்கின. முன்பு அரச மாளிகையாக இருந்த ராயல் பெவிலியனும் அவற்றில் ஒன்று. அங்கே உயிர்நீத்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரின் உடல்களை நகருக்கு வெளியே, பாட்சம் கிராமத்துக்கு மேலேயுள்ள இந்தக் குன்றில் கொண்டுவந்து எரியூட்டினார்கள். சிதை எரிந்த இடத்திலேயே வெண்பளிங்குக் குவிமாடம் எழுப்பப்பட்டு, 1921 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்டது. இஸ்லாமிய வீரர்கள் வோக்கிங் அருகே அடக்கம் செய்யப்பட்டனர்.

சாலை அங்கே போகாது. காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்தின் வழியே நீல அம்புக்குறியைப் பின்பற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் நடக்க வேண்டும். ஏற்றம் மெதுவானது, ஏனென்றால் இது தெற்குச் சாய்வு. கடைசி வளைவு வரை ஒன்றும் தெரியாது, பிறகு பச்சைப் புல்வெளியில் அந்த வெள்ளைக் குவிமாடம் மட்டும் தனியாக நிற்கும். 2010இல் வைக்கப்பட்ட சுவரில் 53 பெயர்களும் உள்ளன. போன ஆண்டு எங்களோடு வந்த ஒரு சிறுவன் அவற்றை உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.

கேள்வி (கென்டிலிருந்து): எங்கள் மகனுக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர். மொட்டையான குன்றில் என்ன இருக்கும்?

பதில்: குனிந்து பாருங்கள். ஆடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மேய்ந்து மேய்ந்து குட்டையாக்கிய இந்தப் புல்லில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகள் வரை இருக்கக்கூடும். கையகலத் தரையில் காட்டுத் தைம் செடியை விரலால் நசுக்கி முகரச் சொல்லுங்கள், ஓமத்தின் வாசனை வரும். அடோனிஸ் நீலன் என்ற பட்டாம்பூச்சி மே-ஜூனிலும் மீண்டும் ஆகஸ்டு-செப்டம்பரிலும் பறக்கும். ஆண் சிறகின் நீலம் மயில் கழுத்து நிறம். அதன் புழு லாட வடிவக் காயுள்ள ஒரே வகைச் செடியைத்தான் தின்னும். அந்தப் புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சூழ்ந்து காவல் காக்கும். பூக்களைப் பறிக்க வேண்டாம்; செடியை வேரோடு பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

கேள்வி (சவுதாம்ப்டனிலிருந்து): வெயிலுக்கு ஒதுங்க மரங்கள் உள்ள இடம்?

பதில்: சிசெஸ்டர் அருகே கிங்லி வேல். ஐரோப்பாவிலேயே பெயர்பெற்ற யூ மரக் காடு அது. பல நூற்றாண்டு கண்ட மரங்களின் கிளைகள் தரையில் விழுந்து ஊன்றி மீண்டும் எழுந்து நிற்கும். உள்ளே நண்பகலிலும் கோயில் கர்ப்பக்கிருக வெளிச்சம்தான். சிவந்த பழம் குழந்தைகளைக் கவரும்; அதன் விதையும் இலையும் கொடிய நஞ்சு என்பதை வாயிலிலேயே சொல்லிவிடுங்கள். காட்டை மட்டும் சுற்றித் திரும்பினால் 4 வயதுக் குழந்தையும் நடக்கும்; குன்றின் உச்சிக்கு ஏறுவது வேறு கதை.

கேள்வி (ஈலிங்கிலிருந்து): பாதையோரம் உழுத வயலின் விளிம்பில் என் மகன் ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்துவந்தான். கொழுக்கட்டை போல உருண்டையாக, மேலே ஐந்து கோடுகள் நட்சத்திரம்போல ஓடுகின்றன. யாராவது செதுக்கியதா?

பதில்: யாரும் செதுக்கவில்லை. அது கடல்முள்ளெலியின் தொல்லெச்சம். அந்தப் பழைய கடலின் அடியில் இறந்த உயிரின் ஓட்டுக்குள் சிலிக்கா புகுந்து இறுகிச் சக்கிமுக்கிக் கல்லாகிவிட்டது. சுண்ணாம்பு காலப்போக்கில் கரைந்தபின் கல் மட்டும் மிஞ்சிற்று. கடற்கரைக் கூழாங்கற்களை எடுக்கக் கூடாது, பாறையை உடைத்துத் தேடவும் கூடாது. தானாக வயலோரத்தில் கிடந்த ஒன்று என்பதால் மகனிடமே இருக்கட்டும். இந்த ஊர் ஆட்டிடையர்கள் அதை இடையன் கிரீடம் என்று அழைத்து, இடி விழாமல் இருக்கச் சன்னலோரத்தில் வைத்தார்கள்.